சுங்கை பூலோ: வேலியும் மருந்தும்

சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்பு கோலாலம்பூருக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், புக்கிட் லாகோங் காட்டுமலையின் அடிவாரத்தில், 1930இல் திறக்கப்பட்டது. பரப்பு 562 ஏக்கர். அன்றைய பிரிட்டிஷ் பேரரசில் இருந்த இத்தகைய குடியிருப்புகளில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. இதன் வரலாற்றில் தொற்றைத் தடுக்கும் வழிகள் இரண்டு முற்றிலும் வேறுபட்ட உருவங்களில் தென்படுகின்றன. முதற்பாதியில் வேலி, வாயிற்காவல், தனி நாணயம், பெற்றவரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள். பிற்பாதியில் ஊசி, மாத்திரை, தோல் பரிசோதனை, நோயாளி தவறாமல் வந்து போகும் வெளிநோயாளர் மருத்துவமனை. நோய் பரவுவதை உண்மையில் நிறுத்தியது இரண்டாவதுதான். ஆனால் அந்த உண்மையை மருத்துவம் கண்டறிய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்குரிய சான்றுகளில் முக்கியமான சில, வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்தவர்களின் உடலிலிருந்தே கிடைத்தன.

தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை நோர்வே மருத்துவர் ஆர்மாவர் ஹான்சன் 1873இல் கண்டார். மனித நோய் ஒன்றுக்குக் காரணமாகச் சுட்டப்பட்ட முதல் பாக்டீரியாக்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க எவராலும் முடியவில்லை. இன்றுவரை செயற்கை ஊடகத்தில் அது வளர்வதில்லை. ஒரு முறை இரட்டிப்பதற்கு அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். உடலுக்குள் புகுந்து அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டுகூடச் செல்லலாம். மக்களில் பெரும்பாலோருக்கு இயல்பிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கி வாழ்பவருக்கு மூக்கு, வாய் வழிச் சிதறும் துளிகளால் இது பரவுகிறது. தொட்டதும் ஒட்டிக்கொள்ளும் நோய் என்று ஊர் நம்பியது தவறு. ஆயினும் 1897இல் பெர்லினில் கூடிய முதல் அனைத்துலகத் தொழுநோய் மாநாடு, நோர்வேயின் அனுபவத்தைக் காட்டி, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதையே பரிந்துரைத்தது. குடியேற்ற அரசுகள் அந்தப் பரிந்துரையை நோர்வேயைவிடக் கடுமையாகக் கையாண்டன.

அதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொரு நோய்க்கு எதிராக வேறொரு வகைத் தடுப்பு நடந்தது. மலேரியாக் கிருமி அனாஃபிலிஸ் கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897இல் செக்கந்திராபாத்தில் கண்டிருந்தார். 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட அறுவை மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் அந்தக் கண்டுபிடிப்பை நிலத்தில் இறக்கிப் பார்த்தார். நகரைச் சூழ்ந்திருந்த சதுப்பை வடிகால் வெட்டி வற்றச் செய்தார், புதரை வெட்டினார், தேங்கிய நீரை வெளியேற்றினார். அதே ஆண்டு திறக்கப்பட்டு, வந்து இறங்கியவர்களைக் காய்ச்சலில் வீழ்த்திக்கொண்டிருந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் அவ்வாறே செய்யப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுக்குள் கிள்ளான் மருத்துவமனைக்கு வரும் காய்ச்சல்காரர்களின் எண்ணிக்கை மளமளவெனக் குறைந்தது. பின்னர் வாட்சன் அம்முறையை ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றார். தமிழ்த் தொழிலாளர்கள் லயம் எனும் வரிசை வீடுகளில் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்த இடங்கள் அவை. கிள்ளானில் அகற்றப்பட்டது சதுப்பு நீர். தொழுநோயைப் பொறுத்தவரை அப்படி அகற்றத்தக்க ஊடகம் எதுவும் மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆகவே நோயாளியையே அகற்றினார்கள்.

மலாயாவில் அந்த அகற்றலுக்குச் சுங்கை பூலோவுக்கு முன்பே நெடிய வரலாறு உண்டு. பினாங்கின் ஜெரேஜாக் தீவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து தொழுநோயாளர்கள் அடைக்கப்பட்டனர். கோலாலம்பூரில் செத்தாபாக் பகுதியில் ஒரு காப்பகம் இருந்தது. பெயர்தான் காப்பகம், நிலைமையோ சிறைச்சாலை. அங்கு வந்தவர்களில் தெருவில் பிச்சையெடுத்துப் பிடிபட்டவர்கள் இருந்தார்கள். ஈயச் சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒன்றிணைந்த மலாய் மாநிலங்களில் 1926இல் வந்த தொழுநோயாளர் சட்டம் இந்த வழக்கத்திற்கு முழு அதிகாரம் தந்தது. நோய் உறுதியானவரைப் பிடித்து அடைத்துவைக்கலாம். அவர் தப்பினால் மீண்டும் பிடித்துவரலாம். குற்றம் ஏதும் செய்யாத மனிதனுக்குக் கால எல்லையற்ற காவல் விதிக்கும் சட்டம் அது.

செத்தாபாக்கின் நிலையை மாற்ற முயன்றவர் எர்னஸ்ட் டிராவர்ஸ். சிலாங்கூரின் அரசு அறுவை மருத்துவராக இருந்து, பின் கோலாலம்பூரில் தனியாக மருத்துவம் பார்த்தவர். 1920களில் அந்தக் காப்பகத்தின் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார். சீன மருத்துவத்தில் வழங்கிய ‘தை ஃபூங் ச்சீ’ என்ற விதையின் பொடியைக் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிவதாக 1926இல் மருத்துவ இதழில் எழுதினார். அது ஹிட்னோகார்ப்பஸ் இன மரத்தின் விதை. தமிழ்ச் சித்த மருத்துவம் குட்டத்திற்கு நெடுங்காலமாகக் கையாண்ட நீரடிமுத்தும் அதே இனத்தைச் சேர்ந்ததே. வங்கத்திலும் பர்மாவிலும் சால்முக்ரா எண்ணெய் என்று பெயர் பெற்றதும் இந்த இன மரத்தின் விதையெண்ணெய்தான். இந்தியரும் சீனரும் தனித்தனியாக ஒரே மர இனத்திடம் சென்றிருக்கிறார்கள். அன்று ஐரோப்பிய மருத்துவத்தின் கையில் அதைவிட மேலான மருந்து எதுவும் இல்லை.

டிராவர்ஸின் வாதம் எளிமையானது. நோயாளி ஒளிந்துகொள்வதற்குக் காரணம் காப்பகத்தின் மீதுள்ள பயம். பயம் போனால் நோயின் தொடக்கத்திலேயே தானாக வருவான். தொடக்கத்தில் வருபவனுக்கே சிகிச்சை பயன்படும். ஆகவே சிறையைப் போலன்றி ஊரைப் போல ஒரு குடியிருப்பு வேண்டும் என்றார். அரசு அதை ஏற்றது. அந்நாளில் இங்கிலாந்தில் பேசப்பட்ட தோட்ட நகர அமைப்பைத் தழுவிச் சுங்கை பூலோ கட்டப்பட்டது. வரிசை வரிசையாகச் சிறு வீடுகள், ஒவ்வொன்றின் முன்னும் சிறு தோட்டம், நடுவே மருத்துவ விடுதிகளும் அலுவலகமும். பள்ளிவாசல், இந்துக் கோயில், கிறித்தவ ஆலயங்கள், சீனக் கோயில்கள் எழுந்தன. குழந்தை நோயாளிகளுக்கென அமைந்த பள்ளிக்கு டிராவர்ஸின் பெயரே வைக்கப்பட்டது. விளையாட்டுத் திடல், சந்தை, சமூக மண்டபம், கூடவே ஒரு சிறைக்கூடமும் இருந்தன. வாழ வந்தவர்களில் சீனர்களே பெரும்பான்மை. மலாய்க்காரரும், தோட்டங்களிலிருந்தும் நகரக் கூலி வேலைகளிலிருந்தும் வந்த தமிழரும் சிறுபான்மையாக இருந்தனர்.

நல்லெண்ணத்தில் கட்டிய ஊர்தான், ஆயினும் சட்டம் மாறவில்லை. பணியாளர் வாழும் பகுதியும் நோயாளர் பகுதியும் பிரிக்கப்பட்டிருந்தன. வாயிலில் காவல் இருந்தது. பார்க்க வரும் உறவினர் தடுப்புக்கு அப்பால் நின்று பேச வேண்டும். 1936 முதல் 1938 வரை குடியிருப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும் தனிப் பணத்தாள்கள் வழங்கப்பட்டன. நோயாளி தொட்ட பணம் கோலாலம்பூர்க் கடைகளுக்குப் போகக்கூடாது என்ற எண்ணம். தாள் வழியாக இந்த நோய் பரவியதற்குச் சான்று எதுவும் இல்லை. பிலிப்பீன்சின் கூலியனிலும் இத்தகைய தனி நாணயம் புழங்கியது. ஆக, இது ஒரு மருத்துவரின் தனி மனப்போக்கு அன்று; காலத்தின் பொதுவான அச்சம் சட்ட வடிவம் பெற்றது என்றே கொள்ள வேண்டும்.

மிகக் கொடிய விதி குழந்தைகளைப் பற்றியது. குடியிருப்பில் திருமணங்கள் நடந்தன, குழந்தைகள் பிறந்தன. தொழுநோய் பரம்பரை நோய் அன்று என்பது அப்போதே தெரியும். பிறக்கும் குழந்தைக்கு நோய் இருப்பதில்லை என்பதும் தெரியும். தாயோடு வளர்ந்தால் தொற்றும் என்பதால், பிறந்த குழந்தை உடனே குழந்தைகள் இல்லத்துக்கு மாற்றப்பட்டது. பெற்றோர் கண்ணாடிக்கு இப்பாலிருந்து பார்க்கலாம், தூக்கக்கூடாது. வெளியே உள்ள உறவினர் எடுத்துக்கொள்ள முன்வராத குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டன. பலர் தாம் எங்கு பிறந்தோம் என்பதை அறியாமலே வளர்ந்தனர். பிற்காலத்தில் அவர்களில் சிலர் பெற்றோரைத் தேடிச் சுங்கை பூலோவுக்கு வந்திருக்கிறார்கள். கல்லறை மட்டுமே கிடைத்தவர்கள் உண்டு. தொற்றுத் தடுப்பின் கணக்கில் சிகிச்சை பெறாத தாயிடமிருந்து சிசுவைப் பிரிப்பதற்கு ஒரு நியாயம் இருந்தது எனலாம். ஆனால் அந்தப் பிரிவைத் தற்காலிகமாக வைத்து, தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள தொடர்பைப் பதிவேட்டிலாவது காப்பதற்கு எந்த மருத்துவத் தடையும் இருந்ததில்லை. அதைச் செய்யாமல் விட்டதற்கு நியாயம் கற்பிக்க முடியாது.

சிகிச்சைப் பகுதிக்குப் பொறுப்பேற்ற மருத்துவர்களில் கார்டன் ரைரியின் பெயர் முதன்மையானது. ஹிட்னோகார்ப்பஸ் எண்ணெயை ஊசி வழி ஏற்றுவதே 1930களின் பொதுச் சிகிச்சை. வாரந்தோறும் போடும் ஊசி, கடும் வலி, போட்ட இடம் வீங்கிக் கட்டியாகும். ரைரி சாயப் பொருள்களையும் செலுத்திப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். நோயாளிகளே காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள், விடுதியில் பணிவிடை செய்தார்கள், பள்ளியில் கற்பித்தார்கள், எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் வேலை பார்த்தார்கள். சிறு ஊதியம் கிடைத்தது. வெளியிலிருந்து செவிலியர் வர அஞ்சிய காலத்தில் அன்றாடப் பராமரிப்பு அறுபடாமல் நடந்தது இவர்களால்தான். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் குடியிருப்பில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

1942இல் ஜப்பானியர் வந்தபோது அந்தப் பராமரிப்பு குலைந்தது. ரைரி நோயாளிகளை விட்டுப் போகாமல் தங்கினார். மருந்து தீர்ந்தது, அரிசி குறைந்தது. மரவள்ளிக் கிழங்கு நட்டு உயிர் பிழைத்தவர்கள் ஒரு பக்கம். பசியாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தவர்கள் மறுபக்கம். வேலியைத் தாண்டி ஊருக்குள் போய்விட்டவர்கள் இன்னொரு பக்கம். போர் முடிந்தபோது குடியிருப்பின் மக்கள் தொகை பாதிக்கும் கீழே இருந்தது. பன்னிரண்டு ஆண்டு வேலிக்குள் வைத்துத் தடுத்ததாகக் கருதிய தொற்று, மூன்றரை ஆண்டில் மருந்துமின்றி வேலியுமின்றி வெளியே போயிற்று. சோறு, மருந்து, பணியாள் ஆகிய மூன்றும் நின்றால் தனிமைப்படுத்தும் நிலையம் எதுவும் நிலைக்காது என்பதற்கு மலாயாவில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

போருக்குப் பின் வந்த மாற்றம் ஒரு மருந்தின் பெயரால் வந்தது. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை ஃபேஜெட் புரோமின் என்ற சல்ஃபோன் மருந்தைச் செலுத்தி, புண்கள் ஆறுவதைக் கண்டார். அதன் தாய்ப்பொருளான டாப்சோன் மலிவானது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டு திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தில் ராபர்ட் காக்ரேன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர்களுள் முன்னோடி. சுங்கை பூலோவில் மோல்ஸ்வர்த், நாராயணசாமி என்ற இரு மருத்துவர்கள் டாப்சோனை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டு, கடும் வகை நோயுள்ள நூறு பேரை ஓராண்டு கவனித்து, 1949இல் அனைத்துலகத் தொழுநோய் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பிறகு மாத்திரையே போதும் என்பது தெளிவாயிற்று. முகத்தில் தடித்திருந்த கட்டிகள் வற்றின. தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தால் கிருமி குறைந்திருந்தது. பல மாதம் தொடர்ந்து கிருமி இல்லை என்று வந்தவர் வெளியேறலாம் என்ற விதி முதன்முறையாகப் பொருள் பெற்றது.

ஆனால் வெளியேறிப் போக இடம் வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு உள்ளே இருந்தவருக்கு வீட்டில் இடமில்லை. தோட்டத்து எழுத்தரான கிராணியோ, மேற்பார்வையாளரான மண்டோரோ வேலை தரமாட்டார். விரல் மடங்கிய கையைப் பார்த்ததும் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகும். பலர் குணமான பின்னும் அங்கேயே தங்கினார்கள். 1950களின் இறுதியில் குடியிருப்பில் ஏறத்தாழ 2,400 பேர் இருந்தனர். போருக்கு முந்தைய எண்ணிக்கையைவிட அதிகம். மருந்து கண்டுபிடித்த பின் எண்ணிக்கை கூடியது விந்தையாகத் தோன்றலாம். குணமாகலாம் என்ற நம்பிக்கையில் தாமாக வந்தவர்களும், குணமான பின் போக இடமற்றவர்களும் சேர்ந்து உண்டாக்கிய எண்ணிக்கை அது. டிராவர்ஸ் முப்பது ஆண்டு முன் சொன்னது, பயன் தரும் மருந்து கைக்கு வந்த பிறகுதான் பலித்தது.

இந்தப் பெருங்கூட்டம் ஒரே இடத்தில், நம்பகமான பதிவேடுகளோடு, பல ஆண்டு ஒரே மருந்தில் இருந்ததால்தான் உலகுக்கு ஒரு பெரும் உண்மை வெளிப்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் ஓர் ஆய்வுப் பிரிவை நடத்தியது. நெடுங்காலம் டாப்சோன் எடுத்துக்கொண்டு நன்றாயிருந்த சிலருக்கு நோய் திரும்பியது. மாத்திரையை நோயாளி விழுங்காமல் ஏமாற்றியிருப்பார் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. பல இடங்களில் அப்படித்தான் முடித்தார்கள். அந்தப் பிரிவின் ஆய்வாளர்களான பெட்டிட், வாட்டர்ஸ் ஆகியோர் அப்படி முடிக்கவில்லை. கண்காணிப்பில் மருந்து கொடுத்தார்கள், நோய் அடங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளராத கிருமி எலியின் பாதத்தில் மெல்லப் பெருகும் என்பதை அமெரிக்கரான ஷெப்பர்ட் 1960இல் காட்டியிருந்தார். இந்நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை இலண்டனில் ரீஸ் என்ற ஆய்வாளர் எலிப் பாதத்தில் செலுத்தி, எலிகளின் தீனியில் டாப்சோனைக் கலந்தார். மருந்தைத் தின்ற எலியிலும் கிருமி பெருகியது. டாப்சோனுக்குக் கிருமி எதிர்ப்புப் பெற்றிருந்தது ஐயமற நிறுவப்பட்டது. பெட்டிட்டும் ரீஸும் 1964இல் வெளியிட்ட அந்தக் கட்டுரை தொழுநோய் மருத்துவத்தின் திருப்புமுனைகளில் ஒன்று.

எதிர்ப்பு ஏன் வந்தது? உலகெங்கும் ஒரே ஒரு மருந்து கொடுக்கப்பட்டது. பல இடங்களில் பக்க விளைவுக்கு அஞ்சி அளவு குறைக்கப்பட்டது. நோயாளி இடையிடையே நிறுத்தினார். கடும் வகை நோயில் உடலில் கோடானு கோடி கிருமிகள். அவற்றில் மருந்துக்கு மசியாத ஒரு சில, மற்றவை மடிந்த பின் இடம் பிடித்துப் பெருகுகின்றன. இன்னொரு வகைக் கிருமியும் உண்டு. எதிர்ப்புப் பெறாமலே, நரம்பிலும் தசையிலும் அசையாமல் பதுங்கி, ஆண்டுக்கணக்கில் மருந்தைத் தாண்டி நிற்பவை அவை. பத்தாண்டு டாப்சோன் எடுத்துக்கொண்ட சுங்கை பூலோ நோயாளிகளின் திசுக்களில் உயிருள்ள கிருமி இருப்பதை வாட்டர்ஸும் ரீஸும் பிறரும் 1974இல் காட்டினார்கள். இவற்றால் கிடைத்த பாடம்: ஒரு மருந்து போதாது; விட்டுவிட்டு எடுக்கும் மருந்து ஆபத்து; குணமானது போல் தோன்றியதும் நிறுத்துவது அதைவிட ஆபத்து. ரிஃபாம்பிசின் என்ற புதிய மருந்தைத் தொழுநோயில் சோதித்த முதல் ஆய்வுகளில் ஒன்றும் இக்குடியிருப்பிலேயே நடந்து 1970இல் வெளிவந்தது. டாப்சோன் மாதக்கணக்கில் செய்வதை ரிஃபாம்பிசின் சில நாட்களில் செய்தது. முதல் சில வேளை மருந்திலேயே நோயாளி பிறருக்கு நோயைத் தொற்றவைக்க இயலாதவராகிறார். வேலியின் மருத்துவக் காரணம் அத்தோடு முடிந்தது.

நோயாளி வீட்டில் இருந்தபடியே தொற்றுநோய்க்குச் சிகிச்சை பெறலாம் என்ற எண்ணத்திற்கு வலுவான சான்று சென்னையிலிருந்து முன்பே வந்திருந்தது. 1956இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்தாய்வு மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரைக் குடிசைகள் நிறைந்த நகர்ப்பகுதியில் அவரவர் வீட்டிலும் வைத்து, இரு பகுதியினருக்கும் ஒரே மருந்து முறையைக் கொடுத்தது. 1959இல் வந்த முடிவு: குணமானோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தினருக்குத் தொற்று கூடவும் இல்லை. நல்ல காற்றும் பாலும் ஓய்வும் தரும் மலைவாசச் சானடோரியங்களின் காலம் அந்த ஆய்வோடு முடியத் தொடங்கியது. மலாயா 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மாவட்ட மருத்துவமனைகளின் வழியாக நோயாளியைத் தொடர்ந்து கவனிப்பதே அதன் முதுகெலும்பாக இருந்தது.

தொழுநோய்க்கும் அதே வழி 1969இல் திறந்தது. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் அவ்வாண்டு தொடங்கப்பட்டு, சுங்கை பூலோ அதன் தலைமை மையமாயிற்று. புதிய நோயாளியை அடைத்துவைக்கும் வழக்கம் படிப்படியாக ஒழிந்தது. பொது மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுகளில் சோதனையும் மருந்தும் கிடைத்தன. உணர்ச்சியற்ற வெளிறிய தேமலோடு வரும் தொழிலாளி கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ வெளிநோயாளராகப் பதிந்துகொண்டு, மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம். ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகியவற்றை நோயின் வகைக்கேற்பச் சேர்த்துக் கொடுக்க உலக சுகாதார அமைப்பு 1981இல் கூடிய வல்லுநர் குழுவின் வழியாகப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின் மாதம் ஒரு முறை மருத்துவப் பணியாளரின் கண்முன் விழுங்க வேண்டும். மற்றவை அன்றாடம் வீட்டில். அந்த மாத வருகையில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. கிருமி குறைவான வகைக்கு ஆறு மாதம். கிருமி மிகுந்த வகைக்கு முதலில் இரண்டாண்டு, பின்னாளில் ஓராண்டு. 1980களில் மலேசியா இம்முறைக்கு மாறியது. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை நாடு 1994இல் எட்டியது.

மருந்தை அறுபடாமல் எடுக்கவைப்பது எண்ணிப் பார்ப்பதைவிடக் கடினமான வேலை. குளோஃபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்கும். நோயை மறைக்க விரும்புபவருக்கு அந்த நிறமே காட்டிக்கொடுக்கும் அடையாளம். சிகிச்சை நடக்கும்போதே சிலருக்கு உடலின் எதிர்வினையால் நரம்பு வீங்கி, காய்ச்சலும் சிவந்த கட்டிகளும் வரும். மருந்துதான் நோயைக் கூட்டிவிட்டது என்று நம்பி நிறுத்திவிடுவார்கள். அந்த வேளையில் உடனே கவனிக்காவிட்டால் கை விரல் மடங்கும், பாதம் தொங்கும், கண் இமை மூடாது. ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்கோ நாட்டுக்கோ போகும் தொழிலாளியின் சிகிச்சைச் சீட்டு அவரோடு போவதில்லை. மருந்துப் பெட்டியைக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைத்த மருத்துவமனைகள் தோற்றது இவ்விடங்களில்தான். வராத நோயாளியைத் தேடி வீட்டுக்குப் போன சுகாதாரப் பணியாளர்கள் வென்றதும் இங்கேதான்.

கிருமி ஒழிந்த பின்னும் பராமரிப்பு முடிவதில்லை. செத்த நரம்பு திரும்பி வராது. கொதிக்கும் தேநீர்க் குவளையைப் பிடித்திருக்கும் விரலுக்குச் சூடு தெரியாது. செருப்பில் தைத்த முள்ளோடு நாள் முழுதும் நடப்பார். புண் ஆழமாகி எலும்பைத் தொடும். காலை எடுக்க நேரும். விரல்கள் அழுகி விழுவதாக ஊர் நம்பிய காட்சிக்குக் காரணம் கிருமி நேரடியாகத் தின்பது அன்று. உணர்வற்ற உறுப்பில் ஆறாத காயம். இதைத் தெளிவாக்கியவர் வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட். 1940களின் இறுதியில் அங்கு மடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவையைத் தொடங்கினார். வேலூரை அடுத்த கரிகிரி மையத்தில் பாத அழுத்தத்தைப் பரப்பும் நுண்துளை ரப்பர் செருப்பு உருவாயிற்று. சுங்கை பூலோவிலும் செருப்பும் செயற்கைக் காலும் செய்யும் பட்டறை இயங்கியது. நோயிலிருந்து மீண்டவர்களே அதில் கைவினைஞர்கள். நாள்தோறும் பாதத்தை நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவி, வெடிப்பு உண்டா என்று பார்ப்பது எளிய வேலை. அதை ஆயுள் முழுதும் செய்ய வேண்டும். கற்றுத்தரவும் நினைவூட்டவும் ஒருவர் வேண்டும்.

குடியிருப்பில் தங்கிவிட்டவர்கள் நிலத்தில் வாழ்வைத் தேடிக்கொண்டார்கள். குணமானவர்களுக்கு ஒதுக்கப்பட்ட துண்டு நிலங்களில் முதலில் காய்கறி, பிறகு பூச்செடியும் அலங்காரச் செடியும் வளர்த்தனர். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுத் தோட்டம் வைப்பவர்கள் செடி வாங்கச் செல்லும் சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகள் அப்படிப் பிறந்தவை. நோயாளி தொட்ட பணத்துக்கே வேலி போட்ட ஊரிலிருந்து, அதே கைகள் வளர்த்த செடிகள் கோலாலம்பூரின் வீடுகளுக்குப் போயின.

2000களில் நிலத்தின் தேவை குடியிருப்பை நெருக்கியது. அருகே கட்டப்பட்ட சுங்கை பூலோ மருத்துவமனை 2006இல் செயல்படத் தொடங்கியது. குடியிருப்பின் கிழக்குப் பகுதி வீடுகள், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவுக்காக இடிக்கப்பட்டன. வாழ்ந்தவர்களும் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பினால்தான் எஞ்சியதைக் காக்க வேண்டும் என்ற பேச்சு பொதுவெளிக்கு வந்தது. 2018இல் குடியிருப்பின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. பக்கத்து மருத்துவமனை 2020இல் கோவிட்-19 நோயாளிகளுக்கான நாட்டின் முதன்மை நிலையமாக மாறியபோது, அந்த மலையடிவாரம் மறுபடியும் தனிமைப்படுத்தலின் இடமாயிற்று. இம்முறை தனிமை நாள் கணக்கில் இருந்தது. முடிந்ததும் வீட்டுக்குப் போக உரிமை இருந்தது.

மலேசியாவின் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி தொழுநோய் இன்றும் அறிவிக்க வேண்டிய நோய். புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டறியப்படுகிறார்கள். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் காட்டோரப் பழங்குடி மக்களும் கணிசமானோர். ஒருவருக்கு நோய் உறுதியானால் அவரோடு வாழ்பவர்களின் தோலும் நரம்பும் பரிசோதிக்கப்படுகின்றன. நோயற்ற நெருங்கியவர்களுக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பதை உலக சுகாதார அமைப்பு 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. நோயாளி மருந்தோடு அன்றே வீடு திரும்புகிறார். அடுத்த மாதத் தேதி சீட்டில் எழுதப்படுகிறது; கை, பாதம், கண் ஆகியவற்றின் உணர்வு அந்த வருகையில் மறுபடியும் சோதிக்கப்படுகிறது. சுங்கை பூலோவின் தேசியக் கட்டுப்பாட்டு மையம் இன்னும் இயங்குகிறது. எஞ்சியிருக்கும் முதிய குடியிருப்பாளர்களின் பாதப் புண்களுக்கு மருந்திட்டுக் கட்டுவதும் அதன் அன்றாடப் பணிகளில் ஒன்று.